எந்த வீட்டுக்கு எந்தத் தோட்டம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்: "அவங்க வீட்டுல அவ்வளவு நல்லா வருது, எங்க வீட்டுல வரலையே." நர்சரிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் மூன்று விஷயம் கேட்பேன். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, என்ன தண்ணீர், ஒரு நாளில் செடிகளோடு இருக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும். இதற்குப் பதில் தெரியாமல் நான் செடி எடுத்துக் கொடுப்பதில்லை. இங்கேயும் அதே வழக்கம்தான்.

கேள்வி: அக்கா, சென்னையில் நான்காவது மாடியில் வாடகை வீடு. பால்கனி வடக்குப் பார்த்தது. எதிர் பிளாக்கில் என் தோழியின் பால்கனி தெற்குப் பார்த்தது, அங்கே தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. அதே விதை, அதே பை, எங்கள் வீட்டில் செடி நெட்டையாக வளர்ந்து சாய்கிறதே தவிர காய்ப்பதில்லை. இருவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் பத்து நிமிஷம்தான் கிடைக்கும்.
*– வாசகி, சென்னை*

பதில்: விதையிலும் குறை இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை தங்கச்சி. சூரியன் போகும் பாதைதான் காரணம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் செப்டம்பர் முதல் மார்ச் வரை உங்கள் தோழிக்குத்தான் நேர் வெயில். தக்காளிக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது இல்லாவிட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும், அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் வடக்கு பால்கனிக்கு என்று ஒரு காலம் உண்டு. மே, ஜூன், ஜூலையில் காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே வரும். அந்த மூன்று மாதத்தில் சிறுகீரை, தண்டுக்கீரை தூவுங்கள். வருஷம் முழுக்க இருக்கட்டும் என்றால் புதினா, வல்லாரை, ஓமவல்லி, கொடிப்பசலை வையுங்கள். வல்லாரைக்கு ஈரம் காயக் கூடாது, மற்றவை கொஞ்சம் பொறுக்கும். கிரில்லில் ஏற்றிவிட ஒரு வெற்றிலைக் கொடி. எனக்கு வெற்றிலை மேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. நிழலும் ஈரக்காற்றும் கேட்கிற கொடிக்கு உங்கள் பால்கனியைவிட நல்ல இடம் கிடைக்காது. கணு உள்ள தண்டு ஒன்று யாரிடமாவது வாங்கி நட்டால் போதும்.

பத்து நிமிஷம் இவற்றுக்குத் தாராளம். தக்காளிக்கு அது போதாது. வாடகை வீடு என்பதால் இரண்டு கையால் தூக்க முடியாத தொட்டி எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். சொந்த வீடு, மொட்டை மாடி 600 சதுர அடி, நாள் முழுக்க வெயில். மாடியில் ஓரடிக்கு மண் கொட்டி, பாத்தி கட்டி, வயல் போலவே காய்கறி போட ஆசை. மகன் கட்டடம் தாங்காது, ஒழுகும் என்கிறான். யார் சொல்வது சரி?
*– வாசகர், திருச்சி*

பதில்: மகன் சொல்வதுதான் சரி ஐயா. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதியில் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி மண் நன்றாக நனைந்தால் அதே சதுர மீட்டரில் 500 கிலோவைத் தாண்டும். ஐப்பசி மழையில் அந்தப் பாரத்தோடு தண்ணீரும் தேங்கி நிற்பதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்கென்றே தளம் போட்ட வீடாக இருந்தால் வேறு பேச்சு.

ஆசையை விட வேண்டாம், மண்ணின் அளவைக் குறையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலக்க வேண்டும். அதில் இருக்கும் உப்பு நாற்றைக் கருக்கிவிடும். கீரைக்கு அகலமான, ஆழம் குறைந்த பை. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 12 அங்குலப் பை. பந்தல் கொடிகளுக்கு 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய பைகளையெல்லாம் சுவர் ஓரமாகவும் கீழே தூண், உத்தரம் வரும் இடங்களிலும் வையுங்கள். அறையின் நடுவுக்கு மேலே இருக்கும் தளத்தில் கீரைப் பைகள் மட்டும்.

ஒழுகல் பற்றி மகன் பயப்படுவதும் நியாயம். பை தளத்தில் நேராக உட்காரக் கூடாது. செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்ட் மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும், தளம் காயும், பெருக்கலாம். மழைநீர்க் குழாய் வாயில் வலை கட்டுங்கள், சருகு அடைத்துத்தான் பல மாடிகளில் தண்ணீர் நிற்கிறது. கொடிக்காய்க்கு ஆடிப் பட்டம், தக்காளிக்கும் கத்தரிக்கும் ஆடியோ தையோ. சித்திரை வெயிலில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பச்சை நிழல்வலை கட்டி, இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமத்து வீடு. பின்னால் பத்து சென்ட் கொல்லை, சும்மா புதர் மண்டிக் கிடக்கிறது. சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் அங்கேதான் போய்த் தேங்குகிறது, கொசு தாங்கவில்லை. சிமென்ட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.
*– வாசகி, தஞ்சை மாவட்டம்*

பதில்: சிமென்ட் வேண்டாம் அம்மா, உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பால்கனியில் இரண்டு தொட்டி வைக்க இடமில்லாமல் தவிக்கும் கடிதங்களுக்கு நடுவே உங்கள் கடிதத்தைப் படித்தேன். பத்து சென்ட் கொல்லை பெரிய சொத்து.

முதலில் தண்ணீரைப் பிரியுங்கள். அரிசி, பருப்பு, காய் கழுவும் தண்ணீரில் எந்தக் கெடுதலும் இல்லை, அது கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் போகட்டும். சோப்புத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால். அதன் முதல் பத்தடியில் ஜல்லியும் மணலும் போட்டு கல்வாழை நெருக்கமாக நடுங்கள். வேர் அடர்ந்துவிட்டால் அழுக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சும். அதற்கு அடுத்து சேம்பு, பிறகு வாழை. தண்ணீர் எங்கும் நிற்காமல் மண்ணுக்குள் இறங்கினால் கொசு முட்டை வைக்க இடமே இருக்காது. ப்ளீச்சிங் பவுடரும் கழிப்பறை கழுவும் ஆசிடும் இந்த வாய்க்காலுக்கு வரக் கூடாது. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடக் கூடாது.

வாழையில் இலைக்கும் காய்க்கும் சேர்த்து வேண்டுமென்றால் பூவன். தாய் மரம் ஒன்று, வளர்ந்த கன்று ஒன்று, சின்னக் கன்று ஒன்று, அவ்வளவுதான் ஒரு குத்தில் இருக்க வேண்டும். மற்றதை வெட்டி அங்கேயே போடுங்கள். எல்லாக் கன்றும் பாவம் என்று விட்டு வைத்தால் தார் சிறுத்துப் போகும்.

முருங்கையை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். கிளை முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவர் ஏறி உள்ளே வரும். வேலியோரம் போதும். விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் பெரியகுளம் ரகம் கிடைக்கிறது. ஆனால் கீரைக்கு நான் பழைய மரத்துப் போத்தைத்தான், அதாவது வெட்டிய கிளைத் துண்டைத்தான், நடச் சொல்வேன். தென்னை இருந்தால் அதன் நிழலில் மஞ்சள், இஞ்சி, சேனை. ஒரு நார்த்தை, ஒரு எலுமிச்சை வெயில் படும் மூலையில். கிணற்றடியில் வல்லாரை தானாகப் படரும்.

இதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். இந்த ஆடிக்கு வாய்க்காலும் கல்வாழையும் வாழையும் மட்டும். புதரை அடியோடு அழிக்கும் முன் அதில் தூதுவளை, ஆடாதொடை, கீழாநெல்லி இருக்கிறதா என்று ஊரில் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அநேகமாக இருக்கும்.

கேள்வி: மதுரைக்காரி வீட்டில் மல்லி பூக்கவில்லை என்றால் சிரிக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே தொட்டியில் வைத்திருக்கிறேன், பச்சைப் பசேலென்று இலைதான்.
*– வாசகி, மதுரை*

பதில்: படிக்கட்டு நிழலிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். குண்டுமல்லிக்கு முழு வெயில் வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யுங்கள். தரையில் வளரும் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். தொட்டிச் செடியைப் பாதியாகக் குறைத்து, நோஞ்சான் குச்சிகளையும் மிச்ச இலைகளையும் எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெட்டிய பின் தொழு உரம் வைத்து நன்றாக ஊற்ற வேண்டும். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும், மாசி பங்குனியில் பார்ப்பீர்கள். காலியான படிக்கட்டு இடத்துக்கு நந்தியாவட்டை வையுங்கள், அரை நிழலிலும் சலிக்காமல் பூக்கும்.

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம், கடலுக்குப் பக்கம் வீடு. போர் தண்ணீர் உப்பு. எது வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது. தோட்டம் எங்களுக்கு இல்லை என்று விட்டுவிடலாமா?
*– வாசகர்*

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் பச்சைப் புல்தரையும் ரோஜாவும் உங்கள் ஊருக்கு வேண்டாம். முதலில் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், உப்பின் அளவு தெரிந்துவிடும். தொட்டியைவிடத் தரையில் நடுவது நல்லது, தொட்டியில் உப்பு தங்கிக்கொண்டே போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வேருக்குக் கீழே உப்பு இறங்கும் அளவுக்கு நிறைய விடுங்கள். இலை மேல் ஊற்றவே கூடாது. மண் வெளியே தெரியாமல் பனையோலை, சருகு போட்டு மூடுங்கள். மழை நாளில் கூரைத் தண்ணீர் முழுக்கத் தோட்டத்துக்குத் திரும்பட்டும், சேர்ந்த உப்பை அதுதான் கழுவும்.

காற்று வரும் பக்கம் பூவரசும் புன்னையும் வேலியாக. உள்ளே தென்னை, சப்போட்டா, நெல்லி, இலந்தை, முருங்கை. பூவுக்கு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. காய்கறியில் பீட்ரூட் ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது, அவற்றில் காசைப் போடாதீர்கள்.

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு வந்து மொட்டையடிக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? என் பெண்ணுக்கு வண்ணத்துப்பூச்சி வரும் தோட்டம் வேண்டுமாம். அதற்கு என்ன செடி வாங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.
*– வாசகி, கோவை*

பதில்: உங்கள் பெண் கேட்டது ஏற்கெனவே வந்துவிட்டது அம்மா! சின்னதில் பறவை எச்சம் போலிருந்து, பிறகு பச்சையாக மாறியிருக்குமே, அது வண்ணத்துப்பூச்சியின் புழுதான். எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்தைத் தேடி வந்து முட்டையிடும் வகை. மருந்து அடிக்காதீர்கள். இன்னொரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் தெரியும் புழுவை இலையோடு கிள்ளி அடுத்ததில் விடும் வேலையை மகளிடம் கொடுங்கள்.

பூவைப் பார்த்துப் பூச்சி வரும், தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமென்றால் புழு தின்னும் செடி வேண்டும். எருக்கில் ஒரு வகை வளரும், அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலிக் கொடிகளில் சிவப்பு உடம்பு கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். கிலுகிலுப்பைச் செடியை ஒரு வகை ஆண் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கும். தேனுக்கு இட்லிப்பூவும் நித்தியகல்யாணியும். உன்னிச்செடிக்கும் பூச்சி வரும் என்றாலும், நம் காடுகளை அது விழுங்கிக்கொண்டிருப்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. விடுமுறையில் ஸ்ரீரங்கம் பக்கத்தில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். நம் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன் என்றும் சொல்லிக் கொடுங்கள், 2019-இல் அறிவித்தார்கள்.

கேள்வி: மாடிப் பந்தலில் பீர்க்கன் பிஞ்சு விட்டு, மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லையா?
*– வாசகர், சேலம்*

பதில்: மகரந்தம் சேரவில்லை. உயர மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பீர்க்கன், சுரை, புடலை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல் பூப்பவை. அப்போது ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் காலை நேரம்.

கேள்வி: வயது 68, மூட்டு வலி. குனிய முடியாது. கொஞ்சம் மூலிகையும் ஒரே ஒரு காய்ச்செடியும் போதும். கோவைக்காய் பிடிக்கும், விதை எங்கே கிடைக்கும்?
*– வாசகி, ஈரோடு*

பதில்: இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு ஸ்டாண்ட் அடித்து அதன் மேல் துளசி, ஓமவல்லி, தூதுவளை, பிரண்டைத் தொட்டிகளை வரிசையாக வையுங்கள் அம்மா. நின்றபடியே தண்ணீர் விடலாம், கிள்ளலாம். பூவாளிக்குப் பதில் நீளமான ஹோஸ் நல்லது. கோவைக்கு விதை தேடாதீர்கள், விதையில் வருவது ஆண் கொடியாகவும் இருக்கலாம், காய்க்காது. காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள குச்சி இரண்டு வாங்கி, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் நடச் சொல்லி, ஜன்னல் கம்பியில் ஏற்றிவிடுங்கள். நாட்டுக் கோவை கசக்கும், அதனால் சமையலுக்கு வளர்ப்பவர் வீட்டுக் குச்சியா என்று கேட்டு வாங்குங்கள்.