வெயிட்லிஸ்டில் 23ஆவது ஆள்: யாரைப் பிடிப்பது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உன் கேள்வி மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டகலையிலிருந்து செப்டம்பரில் டொரண்டோ பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறாய். பாடப் பதிவு திறந்த அன்றே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தும் முதலாம் ஆண்டுப் புள்ளிவிபரவியல் நிரம்பிவிட்டது. வெயிட்லிஸ்டில் நீ 23ஆவது ஆள். பதிவாளர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டால் "எங்களால் சேர்க்க முடியாது" என்று இரண்டு வரியில் பதில். மூன்று பாடத்தோடு போனால் போதுமா, அங்கே யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று கேட்டிருக்கிறாய்.

நான் இப்போது பொகவந்தலாவையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்தேன். விடாத மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது, அதனால் இதை இரண்டு தரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். 2007இல் கனடா போனேன். அங்கே மறுபடி படித்து, இப்போது பதினோரு வருடமாக ஒரு பல்கலைக்கழகத்தில் துறை அலுவலகத்தில் வேலை. பாடத்திட்டக் குழு கூடும்போது கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்தான்.

முதலில் மூன்று பாடத்தைப் பற்றி. அம்மா கொழுந்தெடுத்த காலத்தில், சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவில், அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம்தான். காலையிலிருந்து மலையில் நின்றது கணக்கில் வராது. முழுநேர மாணவர் என்பதும் அந்த மாதிரிக் கணக்குத்தான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு ஐந்து பாடம் முழுச் சுமை, குறைந்தது மூன்று இருந்தால் முழுநேரம். அப்படியானால் மூன்று போதுமே என்று நினைப்பாய். ஆனால் அக்டோபரில் ஒன்று கஷ்டமாகி அதை விட்டாய் என்றால் அந்த நிமிடமே நீ பகுதிநேர மாணவன். வெளிநாட்டு மாணவனுக்கு அது சும்மா விஷயமில்லை. வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யும் அனுமதி முழுநேரமாகப் படிப்பவனுக்குத்தான். படிப்பு முடிந்தபின் கிடைக்கிற வேலை அனுமதிப் பத்திரத்துக்கும், கடைசிப் பருவம் தவிர மற்ற எல்லாப் பருவத்திலும் முழுநேரமாக இருந்தாயா என்று பார்ப்பார்கள். ஆகவே நான்கு எடு. ஒன்று கைவிட்டுப் போனாலும் மூன்று மிஞ்சும். உன் பல்கலைக்கழகம் எத்தனை பாடத்தை முழுநேரம் என்கிறது என்பதை மட்டும் அவர்களுடைய கல்வி நாட்காட்டியில் (பாடமும் விதியும் எல்லாம் இருக்கிற கையேடு அது) உன் கண்ணாலேயே பார்த்துக்கொள், கூட்டாளி சொன்னான் என்று விட்டுவிடாதே.

சரி, யாரைப் பிடிப்பது? நம் பக்கத்தில் எதற்கும் தோட்டத் தலைவர், அப்புறம் எம்பியின் கடிதம் என்று பழகியதால் இந்தக் கேள்வி வருகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் இதையேதான் கேட்டேன். உனக்குப் பதில் போட்ட அலுவலகம் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் அந்த அதிகாரம் கிடையாது. ஒரு பாடத்தில் எத்தனை பேர், அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும், முதல் சுற்றில் எந்தப் பட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது, எல்லாம் அந்தந்தத் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் முடிவு செய்வது. விதியையே மாற்ற வேண்டுமென்றால் அது துறையின் பாடத்திட்டக் குழுவில் தொடங்கி, பீடத்தின் சபைக்குப் போய், பல்கலைக்கழகம் முழுவதற்கும் படிப்பு விஷயத்தை முடிவு செய்கிற செனட்டில் முடியும்.

பேராதனையில் படிக்கிற உன் அக்காவிடம் கேட்டுப்பார், பீடச் சபை, மூதவை (செனட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம்) என்று இதே படிகளைச் சொல்லுவாள். இங்கே அது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி நடக்கிறது, பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. கனடாவில் அனேகமாகப் பணத்தைப் பார்க்க ஆளுநர் சபை, படிப்பைப் பார்க்க செனட். டொரண்டோ பல்கலைக்கழகம் வேறு மாதிரி: 1972இலிருந்து இரண்டுக்கும் மேலே ஒரே சபை, 50 பேர், அதில் 8 பேர் மாணவர்கள்.

பாடத்தில் இடத்தை ஏன் லேசில் கூட்டமாட்டார்கள் என்பதையும் ஒரு தரம் நேரில் பார்த்தேன். ஒரு விரிவுரையாளர் தன் பாடத்தில் இன்னும் முப்பது பேரைச் சேர்க்கக் கேட்டார். மண்டபத்தில் நாற்காலி இருந்தது, அவருக்கும் மனம் இருந்தது. முப்பது பேரின் விடைத்தாள் திருத்த உதவியாளர்களுக்குக் கொடுக்க மணித்தியாலம் இல்லை. முக்கால் மணி நேரம் பேசிப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பன்னிரண்டு இடமும் போனது துறைக்கு நேரடியாக எழுதிக் கேட்டிருந்த பிள்ளைகளுக்கு.

அதனால் நீயும் துறைக்கு எழுது. இளங்கலை மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். மாணவர் எண், பாடக் குறியீடு, அந்தப் பாடம் இல்லாவிட்டால் இரண்டாம் வருடத்தில் எது எது தடைப்படும், இந்த மூன்றும் போதும். "தயவுசெய்து உதவுங்கள்" என்று பத்து வரி வேண்டாம்.

இனி என் கதை. முதல் பருவத்தில் ஒரு பாடம் ஒத்துவரவில்லை, உடம்புக்கும் முடியவில்லை. நாலாவது கிழமையோடு அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். பேராதனையில் 80 சதவீத வரவு இல்லாதவரைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், போகாவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நம்பிவிட்டேன். பாடப் பதிவுத் தளத்துக்குள் போய், பாடத்தை விடுகிற 'ட்ராப்' என்ற பட்டனை அழுத்தவில்லை. டிசம்பரில் பெறுபேற்றில் எஃப். அழுதுகொண்டே கவுண்டருக்குப் போனேன். "தேதி முடிந்துவிட்டது" என்றார் அந்த அம்மா. தோட்டத்துத் துரை சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கதவுவரை போனவளைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் துண்டில் எழுதிக் கொடுத்தார்: "மனு, பீடக் குழு, ஜனவரி 20க்கு முன்." அந்தத் துண்டு இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

பெட்டிஷன் என்றால் நம்மூரில் ஒருவர் மேல் குற்றம் எழுதிப் போடுவது. அங்கே அது விதிவிலக்குக் கேட்கிற கடிதம், யாருக்கும் கோபம் வராது. என்ன நடந்தது, எந்தத் தேதியில், டாக்டர் கடிதம், ஒரு பக்கம். முதல் தரம் மறுத்தார்கள். மேல்முறையீட்டில் எஃப் நீங்கி, விலகியதாக மாற்றினார்கள். கட்டிய காசு திரும்பவில்லை. காசுக்கு ஒரு தேதி, பெறுபேற்றுத் தாளுக்கு வேறு தேதி என்பது அப்போதுதான் தெரிந்தது. காசுத் தேதி முன்னுக்கே வந்துவிடும், கிழமைக்குக் கிழமை திரும்பும் தொகை குறையும். இரண்டையும் போனில் குறித்து வை.

23 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. ஒதுக்கிய இடங்கள் பிறகு எல்லாருக்கும் திறக்கும். ஆகஸ்ட் கடைசியில் கட்டணம் கட்டாதவர்களைப் பல இடங்களில் நீக்கிவிடுவார்கள், வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு கிழமையிலும் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அங்கே காலை ஆறு என்றால் இப்போது நமக்குப் பிற்பகல் மூன்றரை. தினமும் அந்த நேரம் பதிவுத் தளத்தில் இடம் திறந்திருக்கிறதா என்று ஒருதரம் பார். அதே பாடம் இரவு வகுப்பாக இருந்தால் அதையும் விடாதே.

வெள்ளிக்கிழமை அட்டனுக்கு வருகிறேன். பட்டத் திட்டத்தையும் அனுமதிக் கடிதத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு மாணிக்கப் பிள்ளையார் கோயில் முன்னால் நில். துறைக்குப் போகிற ஈமெயிலை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதிவிடலாம்.