கொப்புளத்தோடு பிறந்த குழந்தை: பயாப்ஸி தேவையா?

கேள்வி: பிறந்து 4 நாளான என் மகனுக்குக் கை, கால், டயபர் உரசும் இடங்களில் நீர்க்கொப்புளங்கள். பிளாஸ்திரியை எடுத்தபோது தோலும் சேர்ந்து உரிந்தது. நான் மணந்தது சொந்த அத்தை மகனை. தோல் பயாப்ஸி (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது அவசியமா?

பதில்: அவசியம்தான். ஆனால் அதற்கு முன்பே, இன்றைக்கே, தொற்று இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஹெர்பிஸ் வைரஸும் இப்படிக் கொப்புளமாக வரும். தாய்க்கு எந்த அறிகுறியும் இருந்திருக்க வேண்டியதில்லை. கொப்புள நீரில் பிசிஆரும் (கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். அதுவே சரி.

தொற்று இல்லையென்றால், உரசிய இடத்தில் எல்லாம் தோல் பிரிவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவாக இருக்கலாம். தோலின் அடுக்குகளைப் பிணைத்து வைக்கும் புரதம் ஒன்றில் பிறவியிலேயே உள்ள குறை இது. இதில் லேசான வகையும் உண்டு, உயிருக்கு ஆபத்தான வகையும் உண்டு. பிறந்த சில நாட்களில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பார்த்த மாத்திரத்தில் 'இன்ன வகை' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பயாப்ஸியில் தவறு நேர்வது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். பழைய கொப்புளத்தின் அடியில் புதுத்தோல் வளரத் தொடங்கிவிடுவதால், எந்த அடுக்கில் பிளவு என்பது தவறாகத் தெரியும். அதனால் மரத்துப்போக ஊசி போட்டு, நல்ல தோலைப் பென்சில் ரப்பர் போன்ற ஒன்றால் மெதுவாகத் தேய்த்து, அந்த இடத்தில் எடுப்பார்கள். எந்த அடுக்கில் பிளவு, எந்தப் புரதம் குறைவு என்று ஒளிரும் சாயத்தால் காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் மேப்பிங் செய்ய அதை ஃபார்மலினில் போடக் கூடாது, அதற்கென உள்ள மிஷெல் திரவத்தில் அனுப்ப வேண்டும். இதைக் கூச்சப்படாமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் செய்யுங்கள். சொந்தத்தில் திருமணம் என்பதால் ஒடுங்கு மரபு வகைக்கு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றுவது) வாய்ப்பு கூடுதல். அதுவானால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மரபணு மாற்றம் தெரிந்திருந்தால்தான் கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும்.

அதுவரை பிளாஸ்திரி, கைப்பட்டை எதுவும் ஒட்டவோ கட்டவோ வேண்டாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள்; பிட்டத்துக்கும் கழுத்துக்கும் அடியில் கைவைத்து, மெத்தென்ற விரிப்போடு தூக்குங்கள். சட்டையைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். கொப்புளம் பெரிதாகிக்கொண்டே போகும் என்பதால், கிருமிநீக்கிய ஊசியால் அதன் தாழ்வான ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட வேண்டும். இதை முதலில் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மேலே ஒட்டாத சிலிக்கோன் டிரெஸ்ஸிங் வைக்கலாம்.

அழுகுரல் கம்மினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தொண்டைக்குள்ளும் தோல் பிரிந்திருக்கலாம்.