மரத்திலும் மரத்தடியிலும் காளான்: வாசகர் கேள்விகள்

மழை விட்டதும் காளான் படங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் மேலிருந்து எடுத்த குடைதான். அடுத்த முறை குடையின் அடிப்பக்கத்தையும், அது எதில் முளைத்திருக்கிறது என்பதையும் எடுத்து அனுப்புங்கள். பாதி விடை அங்கேதான் இருக்கும்.

தென்னையின் தூரில் செம்பழுப்பாக, பளபளவென்று பலகை போலக் காளான். வெட்டி எறிந்தால் போதுமா? (பேராவூரணி)

போதாது. இது கானோடெர்மா, தஞ்சாவூர் வாடல் நோயின் பூஞ்சை. 1952 புயலுக்குப் பிறகு அந்தப் பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். வேரிலும் தூரிலும் வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும். தூரை ஒட்டிப் பட்டை வெடித்து, செம்பழுப்புச் சாறு வடிந்த தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மரம் தேறாது. வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். இனி பக்கத்து மரங்களைத்தான் காப்பாற்ற வேண்டும். மரத்துக்கு 40 லிட்டர் வீதம் ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் வையுங்கள். ஒரு மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாதபடி தனித்தனி வட்டப்பாத்தி கட்டுவது இன்னும் முக்கியம்.

வேப்பமரத்தடிப் புல்லில் பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள். சமைக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். பெரும்பாலும் இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்தி எடுத்துவிடும். நன்கு விரிந்த குடை ஒன்றைத் தண்டு நீக்கி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே பாத்திரம் மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தாளில் அதன் அடிப்பக்க மடிப்புகளின் கோலம் மங்கலான பச்சைத் தூளாகப் பதிந்திருந்தால் இதேதான். இளங்குடையின் அடிப்பக்கம் வெள்ளையாகவே இருக்கும், ஏமாறுவது அங்கேதான்.

மாமரத்தின் காய்ந்த கிளையில் சாம்பல் வெள்ளையில் குட்டிக் குட்டி விசிறிகள். மரத்துக்கு ஆபத்தா?

அடிப்பக்க மடிப்புகள் நீளவாக்கில் பிளந்திருந்தால் அது ஸ்கிசோஃபில்லம். செத்த கட்டையைத் தின்று வாழ்வது. கிளையைக் கழித்துவிட்டால் சரி. மணிப்பூரில் இதையே விரும்பிச் சமைப்பார்கள்.

வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தேன், கறுக்கவில்லை. பூச்சியும் அரித்திருக்கிறது. நல்லதுதானே?

இரண்டுமே சோதனை இல்லை. அமானிட்டா என்ற காளான் இனத்தின் சில வகைகளில் உள்ள கொடிய நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வெள்ளியையும் கறுக்க வைக்காது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். ஒரு நாள் சரியானது போலக் காட்டி, அப்புறம் ஈரலைத் தாக்கும். யாராவது சாப்பிட்டிருந்தால் வாந்திக்காகக் காத்திராமல், மிச்சக் காளானோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புளியமரத்தடியில் முளைத்ததைப் புற்றுக்காளான் என்கிறார் அப்பத்தா. எப்படி உறுதி செய்வது?

அப்பத்தா சொல்வது சரியாக இருக்கலாம். சட்டென்று பிடுங்காமல் பக்கவாட்டில் மண்ணைத் தோண்டுங்கள். தண்டு வேர் போல ஒல்லியாகி, கீழே கறையான் கூடு வரை நீண்டு போகும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். தாளில் கவிழ்த்தால் இளஞ்சிவப்பு சாயலில் தூள் விழும். இவை எல்லாம் பொருந்தினாலும், படத்தை மட்டும் பார்த்து ‘சாப்பிடுங்கள்’ என்று நான் சொல்ல மாட்டேன். காளானை அப்பத்தா கையில் கொடுங்கள்.