பூனையும் வேண்டும், தேன்சிட்டும் வேண்டும்: டீச்சரிடம் கேட்டவை

திருவட்டாறுப் பக்கம் எனக்குப் பதினெட்டு சென்ட் விளை, அதாவது மரத்தோட்டம். ஆறு தென்னை, ஒரு வருக்கைச் சக்கை (பலா), ஒரு அயனிப்பலா, மதிலோரம் செம்பருத்தியும் தெற்றியும் (இட்லிப்பூ), கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வழியில் மட்டி வாழை. கூடவே மூன்று பூனைகள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் செடி, பறவை எது பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பூனையைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தக்கலை: டீச்சர், எங்க பூனைக்கு மூணு வேளையும் சோறு வைக்கிறோம். வயிறு முட்டத் தின்னுட்டும் குருவியப் பிடிச்சுட்டு வந்து நடையில போடுது. தின்னவும் மாட்டேங்குது. ஏன்?

பசி வேறு, வேட்டை வேறு. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலி, ஓணான் என்று சின்னச் சின்ன இரையைப் பல தடவை பிடித்தால்தான் அதற்கு ஒரு நாள் ஓடும். பசி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் பட்டினிதான். அதனால் எதாவது அசைந்தாலே பாயும். ‘பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது’ என்று சொன்னவர்கள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் குறைக்க முடியும். 2021-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், தானியம் இல்லாமல் இறைச்சி மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 விழுக்காடு குறைந்தது. நீங்கள் வைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கை சோறு, அதில் மீன் குழம்பின் மணம் மட்டும். சோற்றைக் குறைத்து, வேகவைத்த சாளை மீன் இரண்டை முள் எடுத்துப் போடுங்கள். சாயங்காலம் ஓர் ஈர்க்கிலின் நுனியில் துணித்துண்டைக் கட்டித் தரையில் இழுத்துக் காட்டுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விடுங்கள், பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். வேட்டையாடித் தின்ற திருப்தி அதற்குக் கிடைத்துவிடும்.

இன்னொன்று, நடையில் கிடப்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்தார்கள். பிடித்ததில் கால்பங்குகூட வீட்டுக்கு வரவில்லை. மீதியைத் தின்றும் விட்டன, பிடித்த இடத்திலேயே போட்டும் விட்டன.

குளச்சல்: கழுத்துல மணி கட்டினா போதாதா?

அதே இங்கிலாந்து ஆய்வில் மணியால் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. பதுங்கும் பூனை தலையை அசைக்காமல்தான் போகும், மணி எங்கே அடிக்க? பளிச்சென்ற நிறத்தில் அகலத் துணிப்பட்டி கட்டியபோதுதான் பறவைகள் பிடிபடுவது 42 விழுக்காடு குறைந்தது. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும், தூரத்திலேயே பார்த்துவிடும். பழைய ரவிக்கைத் துணியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் இழுத்தால் கழன்றுவிடுகிற கொக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது கொம்பில் மாட்டித் தொங்கிவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடமும் விடுங்கள்.

கருங்கல்: எங்க நாரத்தைச் செடியில தையல்சிட்டு கூடு வச்சிருக்கு. இடுப்பு உயரம்தான். கீழே பூனை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கு. நான் தினமும் நாலு தடவை போய்ப் பார்க்கிறேன்.

முதலில் அந்த நாலு தடவையை நிறுத்துங்கள் மக்களே! நீங்கள் போகிற இடத்துக்குப் பின்னாலேயே பூனை வருவதைக் கவனித்ததில்லையா? கூட்டைக் காட்டிக்கொடுப்பதே பெரும்பாலும் நாம்தான்.

ஒரே ஒரு தடவை, தாய்க்குருவி இல்லாத நேரத்தில், கூடாகத் தைத்த அந்த இலையைப் பார்த்துவிடுங்கள். விளிம்பில் வரிசையாகத் துளை, அதில் சிலந்தி நூலும் பஞ்சும் கோத்திருக்கும். வெளிப்பக்கம் பஞ்சு சின்ன முடிச்சுப்போலப் பிதுங்கி நிற்கும், இலை அவிழாமல் பிடிப்பது அதுதான். நானும் தையல் படித்தவள், அப்படி ஒரு சுத்தம் எனக்கு வராது.

முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டு வாரம். ஆக நான்கு வாரம் தாங்கினால் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூனைக்குச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், காலை ஒன்பதுக்குத் திறங்கள். முதல் நாலு இரவு கத்தித் தீர்க்கும், அப்புறம் ஐந்தடித்தால் அதுவே உள்ளே வந்து நிற்கும். அது வெளிக்குப் போக ஒரு பழைய பேசினில் மரத்தூள் போதும், மரமில்லில் சாக்குக் கணக்கில் கிடைக்கும். செடியைச் சுற்றி முள் போடலாம். பெரிய மரமென்றால் தென்னைக்கு எலித்தகரம் அடிப்பதுபோலத் தகரப்பட்டை சுற்றலாம், பூனைக்கு நகம் பிடிக்காது.

குலசேகரம்: முதுகு பச்சை, இறக்கையில நீலம், வாலுக்கடியில சிவப்பு, வால் இருக்கான்னே தெரியல. சக்கை மரத்துக்கடியில சருகக் கிளறிட்டு நடக்குது. இது என்ன பறவை? எங்க பூனை அதையே நோட்டம் பார்க்குது.

ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒட்டி விசில் அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. ஐப்பசி மழையோடு நம் விளைகளில் தென்படும். வந்து சேர்ந்த நாட்களில் சில பறவைகள் சோர்ந்து போய், பறக்கவே தெம்பில்லாமல் இருக்கும். நடந்து இரை தேடுகிற பறவை வேறு. பூனைக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், அதன் குரலைக் கேட்டுக்கொண்டே கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது. பறந்து போயிருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து என் மூத்த பூனை அதைக் கவ்விக்கொண்டு அடுக்களைப் படியேறி வந்து, நான் பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தது. இறக்கையின் நீலம் அப்படியே மின்னியது, கழுத்து மட்டும் தொங்கிவிட்டது. எத்தனையோ நூறு மைல் பறந்து வந்தது, என் வீட்டு முற்றத்தில் முடிந்தது. பூனையைத் திட்ட வாய் வரவில்லை. விடிவதற்கு முன்னே கதவைத் திறந்துவிட்டவள் நான்தானே. அதிலிருந்து ஐப்பசி தொடங்கி மாசி முடியும்வரை என் பூனைகளுக்குக் காலைக் கதவு ஒன்பது மணிக்குத்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். சருகையும் கூட்டித் தீ வைக்காதீர்கள், புழுவும் பூச்சியும் அதில்தான் இருக்கின்றன.

மார்த்தாண்டம்: பூனை வாயில இருந்து ஒரு கொண்டைக்குருவியப் பிடுங்கிட்டேன். காயம் ஒண்ணும் இல்ல. பால் ஊத்தலாமா?

வேண்டாம். பாலும் வேண்டாம், தண்ணீரும் வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். காயம் இல்லை என்று நம்பவும் வேண்டாம். பூனைப் பல் ஊசிபோல, இறகுக்கடியில் துளை தெரியாது. அதன் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினால்தான் பிழைக்க வழி.

கீழே கிடப்பது குஞ்சு என்றால், இறகு முளைத்துத் தத்துகிறதா பாருங்கள். அப்படியென்றால் பறக்கப் பழகுகிறது, பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டுப் பூனையைப் பூட்டுங்கள். இறகே இல்லையென்றால் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு.

பூதப்பாண்டி: குப்பைமேனியப் பிடுங்கிப் போட்டா பூனை அதுல கிடந்து உருளுது. விஷமா?

இல்லை, அதன் வேரின் வாசனை பூனைக்குப் போதைபோல. ‘பூனைவணங்கி’ என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. உருளட்டும். நீங்கள் கவலைப்பட வேண்டியது அரளியையும் செங்காந்தளையும் பற்றித்தான், இரண்டுமே கொடிய விஷம்.

பெயர் வேண்டாம் என்றவர்: மனுஷன் வெட்டுற மரத்தால சாகாத பறவையா பூனையால சாகப் போகுது? இதெல்லாம் பூனைய வெறுக்கறவங்க பேச்சு.

பாதி சரி. 2017 ஒக்கி புயலில் எத்தனை மரம் போனது என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு, நின்ற மொட்டைத் தென்னைகளையும் வெட்டிச் சுத்தம் செய்தோம். குக்குறுவானும் கிளியும் ஆந்தையும் பொந்து வைப்பது அந்த மொட்டை மரத்தில்தான். ஆபத்தில்லாத இடத்தில் ஒரு பட்ட கமுகாவது நிற்கட்டும்.

ஆனால் பூனையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒன்று. 1890-களில் கலங்கரை விளக்கம் கட்ட ஆட்கள் போனார்கள், பூனையும் போனது. அங்கே இருந்த, பறக்கத் தெரியாத ஒரு குட்டிக்குருவி இனம் சில வருடங்களில் அற்றுப்போனது. நம் ஊர் அந்தத் தீவு அல்ல, நம் பறவைகள் மரநாய்க்கும் பாம்புக்கும் பழகியவை. இருந்தாலும், நாம் சோறு போட்டு வளர்ப்பதால் பூனை எண்ணிக்கை இரை குறைந்தாலும் குறைவதில்லை. சிக்கல் அங்கேதான். வெறுப்பு எதற்கு? என் மடியில் ஒன்று தூங்கும்போதுதான் இதை எழுதுகிறேன்.

சுசீந்திரம்: பக்கத்து வீட்டில் ஏழு பூனை. விஷம் வைக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார்.

கூடாது. சட்டப்படி குற்றம், அந்த விஷம் காக்கைக்கும் ஆந்தைக்கும்கூடப் போகும். நாலைந்து மாதத்திலேயே பெட்டைக்குச் சினை பிடிக்கும், இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஏழு பதினாலாக நாளாகாது. கருத்தடை ஒன்றுதான் வழி. பக்கத்து வீட்டம்மாவிடம் சண்டைக்குப் போகாமல், ஆட்டோக்காசில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

நாகர்கோவில்: சின்ன முற்றம்தான். தேன்சிட்டு வரணும். தண்ணி வைக்கணும்னா கொசு வருமோன்னு பயம்.

இரண்டு விரல் ஆழமுள்ள மண்சட்டி போதும். புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, உயரத்தில் வையுங்கள், பூனை பதுங்க இடம் கிடைக்காது. தினமும் கவிழ்த்து, தேங்காய்த் தொண்டால் உட்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சட்டியின் சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி, தெற்றி போதும். வாழை நின்றால் இன்னும் நல்லது, ஒரு குலையிலாவது கூம்பை (வாழைப்பூவை) ஒடிக்காமல் விடுங்கள். மடல் விரிந்த காலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடிப்பதைப் பார்க்கலாம். வாழைப்பூத் தோரன் (பொரியல்) அடுத்த குலையில் வைத்துக்கொள்ளலாம்.