ஸ்பெர்மிடின் மாத்திரையால் புற்றுநோய் வருமா? - மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 48. முதுமையைத் தள்ளிப்போடும் என்று படித்துவிட்டு ஆறு மாதமாக ஸ்பெர்மிடின் மாத்திரை சாப்பிட்டேன். அது பாலிஅமைன் வகையைச் சேர்ந்தது, பாலிஅமைன்கள் புற்றுநோய் செல்களை வளர்க்கும் என்று இப்போது இணையத்தில் பார்க்கிறேன். என் அப்பாவுக்கு 56 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. பயந்துபோய் மாத்திரையுடன் கோதுமை, சோயா, காளான், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முடி கொட்டுகிறது, நகத்தில் கோடுகள் தெரிகின்றன, படியேறினால் சோர்வாக இருக்கிறது. மூலம் இருப்பதால் மூன்று மாதமாக அவ்வப்போது ரத்தம் போகிறது, களிம்பு போட்டுக்கொள்கிறேன். சிறுநீரில் பாலிஅமைன் பரிசோதனை செய்யலாமா? பாலிஅமைனைத் தடுக்கும் எஃப்லார்னிதின் மருந்தை இணையத்தில் வாங்கலாமா? என் தங்கைக்கு 41 வயது. அவளும் இதே மாத்திரையைச் சாப்பிடுகிறாள்.

பதில்: மூலம் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு மருத்துவர் பரிசோதித்துச் சொன்னதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. நீங்களே முடிவு செய்து, நீங்களே களிம்பு வாங்கி, மூன்று மாதத்தைக் கடத்தியிருக்கிறீர்கள். வயது 48, அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மலத்தோடு ரத்தம், படியேறினால் சோர்வு. இவை ஒருவரிடம் சேர்ந்திருந்தால் கொலோனோஸ்கோபி செய்து, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, பெருங்குடலை முழுமையாகப் பார்த்தே தீர வேண்டும். இந்த வாரமே குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம் மூலத்திலிருந்தே வரலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் காரணம். இறுகிய மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டுவது மூலத்தின் வழக்கம். ஆனால் மூலம் இருக்கிறது என்பதாலேயே அதற்கு மேலே வேறெதுவும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, நிறம் கறுத்திருக்கிறதா, சளி போல் ஏதாவது சேர்ந்து வருகிறதா, போய்விட்டு வந்த பிறகும் முழுமையாகப் போகாத உணர்வு இருக்கிறதா, சில வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கமே மாறியிருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பாவுக்கு 56 வயதில் நோய் வந்திருப்பதால், அறிகுறி எதுவும் இல்லாமலேயே 40 வயதில் உங்களுக்கு முதல் கொலோனோஸ்கோபி நடந்திருக்க வேண்டும்.

இனி உங்களை உண்மையில் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையை விழுங்கி உங்கள் உடலில் நீங்களே புற்றுநோயை வளர்த்துவிட்டீர்களோ என்பதுதான் அந்தப் பயம். இல்லை. குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியைப் பாலிப் என்கிறோம். ஒரு சிறு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். ஆறு மாத மாத்திரைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அது உங்களை இவ்வளவு ஆட்டிப்படைக்கிறது. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய பாலிஅமைன்கள் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன. அவை நேர்மின்னூட்டம் கொண்ட சிறு மூலக்கூறுகள். எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. புரதம் தயாரிக்க உதவும் இஐஎஃப்5ஏ என்ற புரதம் வேலை செய்யவே ஸ்பெர்மிடினின் ஒரு பகுதி அதன்மேல் பொருத்தப்பட வேண்டும். பாலிஅமைன் அறவே இல்லாமல் நம் செல்கள் வளரவும் முடியாது, பெருகவும் முடியாது. காயம் ஆறுவதற்கும், குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் இவை வேண்டும்.

1968இல் டயான் ரஸ்ஸல், சாலமன் ஸ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் மீண்டும் வளரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியின் செயல்பாடு சில மணி நேரத்திலேயே பல மடங்கு ஏறியது. பாலிஅமைன் தயாரிப்பின் முதல் படி இந்த நொதியின் கையில்தான் இருக்கிறது. கோழிக் கருவிலும் சில கட்டிகளிலும் இதே நொதி உயர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். 'பாலிஅமைன் என்றால் புற்றுநோய்' என்று இன்று சுற்றும் பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் வளர்ந்த கல்லீரலும் கருவும் ஆரோக்கியமான திசுக்கள். வளர்ச்சி நடக்கும் இடத்திலெல்லாம் பாலிஅமைன் உயரும். அது நல்ல வளர்ச்சியா கெட்ட வளர்ச்சியா என்று அந்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. பயமுறுத்துகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த நொதி எலியின் கல்லீரலில் தோன்றிப் பத்து நிமிடம்போலத்தான் தாக்குப்பிடிக்கிறது. அவ்வளவு குறுகிய ஆயுள் இருப்பதற்குக் காரணம் உண்டு. செல்லுக்குள் பாலிஅமைன் கூடியதும் ஆன்டிசைம் என்ற புரதம் தயாராகி, நொதியைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. வெளியிலிருந்து பாலிஅமைன் உள்ளே வருவதையும் குறைக்கிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நீங்கள் வாயால் விழுங்குவது கூடினால், ஆரோக்கியமான செல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும்.

பெருங்குடல் புற்றுநோயில் நடப்பது வேறு. பெரும்பாலான பாலிப்களில் முதலில் பழுதாவது ஏபிசி என்ற மரபணு. அது பழுதானால் மிக் என்ற இன்னொரு மரபணுவுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. மிக் அந்த நொதியைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கிறது, பாலிஅமைன் உயர்கிறது. ஆகவே பழுது முதலில், பாலிஅமைன் உயர்வு அதன் பிறகு. உங்கள் மாத்திரை அந்தப் பழுதை உண்டாக்கவில்லை.

ஆனாலும் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டாம். ஏபிசி மரபணு பழுதான எலிகளுக்கு உணவில் கூடுதலாகப் புட்ரெசின் கொடுத்தபோது, இருந்த பாலிப்களின் தன்மை மோசமானது. உங்கள் குடலில் பாலிப் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலையில் அதைச் சாப்பிட ஒரு காரணமும் இல்லை. பலனும் அப்படியொன்றும் நிரூபணமாகவில்லை. ஈஸ்ட், ஈ, புழு ஆகியவற்றின் ஆயுளை ஸ்பெர்மிடின் நீட்டியதாக 2009இல் வந்த ஆய்வுதான் இந்த மாத்திரை வியாபாரத்துக்கெல்லாம் ஆரம்பம். நினைவாற்றல் குறைவதாக உணர்ந்த முதியவர்கள் 100 பேரிடம் ஓராண்டு நடத்தி 2022இல் வெளியான சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேம்படவில்லை. அதில் கொடுக்கப்பட்ட ஸ்பெர்மிடின் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. சாதாரண உணவிலேயே அதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது.

கோதுமை, சோயா, காளான் எல்லாவற்றையும் மறுபடி சாப்பிடுங்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்களே பாலிஅமைன் தயாரிக்கின்றன. உணவை நிறுத்தி அதை ஒழிக்க முடியாது. நார்ச்சத்தையும் புரதத்தையும் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நகத்தில் நெடுக ஓடும் கோடுகளை மறந்துவிடுங்கள், அவை வயதோடு வருபவை. முடி கொட்டுவதும் சோர்வும் ரத்தசோகையாக இருக்கலாம். மூன்று மாதமாக ரத்தம் போகிறவருக்கு ஹீமோகுளோபின், உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. முடிவு வரும்முன் நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை தொடங்காதீர்கள். அது மலத்தைக் கறுப்பாக்கும், கொலோனோஸ்கோபியின்போது குடல் சுவரைத் தெளிவாகப் பார்க்க விடாது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்.

சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம். புற்றுநோயாளிகளின் சிறுநீரில் பாலிஅமைன் கூடுதலாக இருப்பதை அதே ரஸ்ஸல்தான் 1971இல் காட்டினார். புற்றுநோயைக் கண்டுபிடிக்க எளிய வழி கிடைத்துவிட்டது என்று அன்று பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் புற்றுநோய் இல்லாத வேறு பல நிலைகளிலும் அளவு ஏறியது. புற்றுநோய் இருந்தும் சிலருக்கு ஏறவில்லை. உங்களுக்கு அளவு சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தால் நிம்மதியாகக் களிம்போடு இருந்துவிடுவீர்கள். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

எஃப்லார்னிதினை இணையத்தில் வாங்கும் எண்ணத்தை இன்றே விடுங்கள். ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸை முடக்கும் வலுவான மருந்து அது. புற்றுநோய்க்காக உருவாகி, அதில் எதிர்பார்த்த பலன் தராமல், ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்தாகி 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய், சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வராமல் தடுக்க 2023இல் அனுமதி கிடைத்தது. குழந்தைகளைக் காக்கும் மருந்து என்பதால் அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது செவித்திறனைக் குறைக்கலாம், ரத்த அணுக்களைக் குறைக்கலாம். கேட்புத் திறனையும் ரத்தத்தையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்தை, நோய் என்னவென்றே தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து விழுங்குவதா?

கொலோனோஸ்கோபியைக் கண்டு தயங்காதீர்கள். முதலில் மருத்துவர் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்ப்பார். மூலமா, வெடிப்பா, கீழ்ப்பகுதியில் கட்டியா என்பதற்கு ஒரு நிமிடத்தில் ஓரளவு விடை கிடைக்கும். கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள் தெளிந்த திரவ உணவும், குடலைக் கழுவும் மருந்தும் தருவார்கள். சிரமமான பகுதி இதுதான். மலம் வெளிர் மஞ்சள் தண்ணீராகப் போகும்வரை மருந்தை முழுமையாகக் குடியுங்கள். அரைகுறையாகக் குடித்தால் சிறு பாலிப்கள் கண்ணில் படாமல் போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். பரிசோதனையின்போது மயக்க ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரம்போல ஆகும். பாலிப் இருந்தால் மெல்லிய கம்பிச் சுருக்கை அதன் காம்பில் மாட்டி அப்போதே அறுத்து எடுத்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய ஒன்று அத்தோடு உடலை விட்டுப் போய்விடும். புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் பிடித்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

முன்பதிவு செய்த நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. ரத்தம் நிற்காமல் போனால், தலைசுற்றி மயக்கம் வந்தால், மலம் தார்போலக் கறுத்தால், வயிறு உப்பி வாந்தியும் வந்து காற்றுகூடப் போகாமல் நின்றால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் தங்கையின் மாத்திரையைப் பற்றி எழுதிய நீங்கள், அவரது குடலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவருக்கும் அதே அப்பாதான், வயதும் 40ஐத் தாண்டிவிட்டது. அவருக்கு ரத்தம் போகாவிட்டாலும் கொலோனோஸ்கோபி வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவின் திசுப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். பரம்பரையாக வரும் வகையா என்று பார்க்க மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.