கணினி கேள்வி - பதில்: எந்த ஸ்டாட்டிக் ஜெனரேட்டர்?

கேள்வி: கட்டுரைகளுக்காக ஒரு வலைத்தளம் தொடங்கப் போகிறேன். மாதம் நாலைந்து பதிவுகள் வரும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது. பதிவுகளை முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாகக் கட்டித்தரும் ஸ்டாட்டிக் ஜெனரேட்டர்களில் ஜெக்கில், ஹ்யூகோ, எலெவன்டி, ஆஸ்ட்ரோ ஆகிய நான்கில் எதை எடுக்கலாம்?

பதில்: ஹ்யூகோ. வேகத்துக்காக அல்ல. நீங்கள் சொல்லும் அளவுக்கு நான்குமே சில நொடிகளில் தளத்தைக் கட்டிவிடும். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால்தான் வேக வித்தியாசம் உறைக்கும். உங்களுக்கு முக்கியம், எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் கருவி முரண்டு பிடிக்காமல் ஓடுவது. ஹ்யூகோ ஒரே ஒரு பைனரி (நேரடியாக ஓடும்) கோப்பு. அதை இறக்கி வைத்தால் போதும், வேறு எதையும் நிறுவ வேண்டாம். பல தீம்கள் (ஆயத்த வடிவமைப்புகள்) 'எக்ஸ்டெண்டட்' பதிப்பைக் கேட்கும், ஆகவே முதலிலேயே அதை இறக்கிவிடுங்கள்.

ஜெக்கிலுக்கு ரூபி என்ற நிரல்மொழி வேண்டும், அதற்கு மேல் ஜெம்கள் எனப்படும் துணைத் தொகுப்புகள் வேண்டும். ரூபி 3.0 வெளியானபோது வெப்ரிக் என்ற சிறிய சர்வரை உடன் தருவதை நிறுத்திவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜெக்கில் தளங்கள் சொந்தக் கணினியில் திறக்காமல் நின்றன. ஜெம்ஃபைலில் வெப்ரிக்கைச் சேர்த்தால் சரியாகிவிடும், ஆனால் அது தெரிந்தவருக்குத்தான் எளிது. எலெவன்டிக்கும் ஆஸ்ட்ரோவுக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வேண்டும். இவற்றில் நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ் லாக் கோப்பையும் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேர்க்காவிட்டால், அடுத்த முறை நிறுவும்போது வேறு பதிப்புகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஹ்யூகோவில் கசக்கும் இடம் டெம்ப்ளேட், அதாவது பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு. பக்கத்தைக் குறிக்கும் புள்ளி, ரேஞ்ச் அல்லது வித் என்ற கட்டளைக்கு உள்ளே போனதும் பொருள் மாறி, அங்கே கையில் இருக்கும் உருப்படியைக் குறிக்கத் தொடங்கும். வெளியே உள்ள பக்கத்தின் தலைப்பு வேண்டுமென்றால் புள்ளிக்கு முன் டாலர் குறி போட வேண்டும். புதியவர்கள் பாதி நாளைத் தொலைப்பது இங்கேதான். அதனால் எடுத்த தீம் எப்படி இருக்கிறதோ அப்படியே பயன்படுத்துங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தீம் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். மாற்ற வேண்டிய கோப்பை உங்கள் தளத்தின் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் அதே பாதையில், அதே பெயரில் நகலெடுத்துத் திருத்துங்கள். ஹ்யூகோ உங்கள் நகலைத்தான் முதலில் எடுக்கும், தீம் கோப்புகளைப் புதுப்பித்தாலும் உங்கள் திருத்தம் அழியாது.

டெம்ப்ளேட்டை முழுக்க நீங்களே எழுத ஆசை என்றால் மட்டும் எலெவன்டி பக்கம் போங்கள். நன்ஜக்ஸ், லிக்விட் எனப் பல டெம்ப்ளேட் மொழிகளில் எழுதலாம், நீங்கள் சேர்க்காத ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட பக்கத்தில் வராது. பக்கத்துக்குள் கால்குலேட்டர், வடிகட்டும் பட்டியல் போன்றவை நிறைய வேண்டும் என்றால் ஆஸ்ட்ரோ. வெறும் கட்டுரைத் தளத்துக்கு அது அதிகம்.

கேள்வி: என் கணினியில் தளம் அழகாகத் தெரிகிறது. கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப் தரும் ஹோஸ்டிங் சேவை) ஏற்றினால் டிசைன் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது. ஏன்?

பதில்: சிஎஸ்எஸ் கோப்பு கிடைக்கவில்லை. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

உங்கள் தளம் டொமைனின் வேரில் இல்லாமல் ரெப்போவின் (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் தொகுப்பு) பெயருக்குக் கீழே இருந்தால், சாய்கோட்டில் தொடங்கும் முகவரிகள் எல்லாம் வேரில் போய்த் தேடும். ஜெக்கிலில் பேஸ்யூஆர்எல் அமைப்பில் ரெப்போ பெயரைக் கொடுத்து, இணைப்புகளை ரிலேட்டிவ் யூஆர்எல் ஃபில்டர் வழியாக எழுதுங்கள். ஹ்யூகோவில் பேஸ்யூஆர்எல்லில் முழு முகவரியையும் கடைசிச் சாய்கோட்டோடு கொடுங்கள். அங்கே ஒரு கண்ணி உண்டு: டெம்ப்ளேட்டில் முகவரி அமைக்கும் ரெல்யூஆர்எல் கட்டளைக்குக் கொடுக்கும் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் ரெப்போ பெயர் சேராது. முதல் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்.

ஆஸ்ட்ரோ என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அது சிஎஸ்எஸ்ஸை அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டரில் வைக்கிறது. கட்டிய கோப்புகளை நேராக ரெப்போவின் ஒரு கிளையில் (பிராஞ்ச்) ஏற்றினால், கிட்ஹப் அவற்றை ஜெக்கில் வழியாக ஓட்டும், ஜெக்கிலோ அடிக்கோட்டு ஃபோல்டர்களை விட்டுவிடும். புள்ளி வைத்து 'நோஜெக்கில்' என்று பெயரிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை வேரில் போட்டால் தீரும்.

தளமே வெள்ளையாக வந்தால் அது வேறு வியாதி. ஹ்யூகோ தீம் ஒன்றை சப்மாட்யூலாக (வேறொரு ரெப்போவுக்கான இணைப்பாக) சேர்க்காமல் வெறுமனே குளோன் (நகல்) செய்திருப்பீர்கள். உங்கள் ரெப்போவில் தீம் ஃபோல்டர் காலியாக இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: காலையில் எழுதிய பதிவு ஹ்யூகோ தளத்தில் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: பதிவுக் கோப்பின் தலையில் உள்ள முன்குறிப்பில் டிராஃப்ட் 'ட்ரூ' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் தேதிதான். நேர மண்டலம் எழுதாத தேதியை ஹ்யூகோ யூடிசி (உலகப் பொது நேரம்) நேரமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் நேரம் யூடிசியைவிட 5.30 மணி முன்னால் இருந்தால், காலை 8 மணி என்று எழுதிய பதிவு உங்களுக்குப் பிற்பகல் 1.30 வரை 'எதிர்காலம்'. எதிர்காலப் பதிவை ஹ்யூகோ சத்தமில்லாமல் தவிர்த்துவிடும். நேரம் வந்ததும் தானாகவும் வராது, மறுபடி கட்ட வேண்டும். கான்ஃபிக்கில் டைம்ஸோன் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நேர்மாறாக, நீக்கிய பதிவு தளத்தில் இன்னும் தெரிகிறதா? கட்டுவதற்கு முன், கட்டிய பக்கங்கள் சேரும் பப்ளிக் ஃபோல்டரை ஹ்யூகோ காலி செய்வதில்லை. நீங்களே அழித்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸிலிருந்து மாறும்போது எதை இழப்பேன்?

பதில்: பதிவுகளை மார்க்டவுனாக (இந்த ஜெனரேட்டர்கள் படிக்கும் எளிய எழுத்து வடிவம்) மாற்றித்தரும் பிளகின்கள் உண்டு. வேர்ட்பிரஸ் பதிவுக்குள் இட்ட ஷார்ட்கோடுகள் (குறுங்கட்டளைகள்) சதுர அடைப்புக்குறியோடு எழுத்தாகவே நின்றுவிடும், அவற்றைத் தேடிக் கையால் திருத்த வேண்டும். கருத்துரைகளுக்கு வெளிச்சேவை தேவை. பழைய முகவரிகளைத் தவறவிடாதீர்கள். ஹ்யூகோவில் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) வடிவத்தைப் பழையபடியே அமைக்கலாம், அமையாதவற்றுக்கு முன்குறிப்பில் பழைய முகவரியை ஏலியாஸாகக் (மாற்று முகவரி) கொடுக்கலாம். பலர் மறப்பது ஆர்எஸ்எஸ் (சந்தாதாரர்களுக்குப் புதுப் பதிவுகளைக் கொண்டுபோகும் கோப்பு): வேர்ட்பிரஸில் அது 'ஃபீட்' என்ற முகவரியில் இருக்கும், ஹ்யூகோ வேறு பெயரில் உருவாக்கும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடாவிட்டால் சந்தாதாரர்களுக்குப் பதிவு போவது நின்றுவிடும், யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

கேள்வி: பதிவின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்) 45 எழுத்து. முன்குறிப்பில் ஆங்கில எழுத்தில் ஸ்லக் (முகவரியின் கடைசிப் பகுதி) கொடுப்பதே என் சிபாரிசு.

கேள்வி: சர்வர் இல்லாமல் தளத்துக்குள் தேட முடியுமா?

பதில்: பேஜ்ஃபைண்ட் என்ற தேடல் கருவி போதும். தளத்தைக் கட்டிய பிறகு அந்த ஃபோல்டரின் மேல் ஓட்டுங்கள். எச்டிஎம்எல் டேக்கில் தமிழுக்கான மொழிக் குறியீட்டைக் கொடுங்கள். மெனுவும் அடிக்குறிப்பும் முடிவுகளில் வராமலிருக்க, கட்டுரைப் பகுதிக்கு மட்டும் அதன் 'பாடி' அட்ரிபியூட்டைச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் சேர்த்துவிட்டால், அது இல்லாத மற்ற பக்கங்கள் தேடலிலிருந்து மொத்தமாக விலகிவிடும். அதனால் பொது டெம்ப்ளேட்டிலேயே போட்டுவிடுங்கள்.