ஃபிலிமில் வளையப் புள்ளிகள்: ஃபிக்ஸரை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

மண்டபம் ஊரில் போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்த கறுப்பு வெள்ளைச் சுருளில் வளைய வளையமாகப் புள்ளிகள், ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிக்ஸர் தேய்ந்திருந்தால் ஃபிலிம் பால் போல மங்கியிருக்கும், இப்படிப் புள்ளி விழாது.

நெகட்டிவைச் சாய்த்து, பளபளப்பான பக்கத்தில் வெளிச்சம் படும்படி பாருங்கள். புள்ளி மேலே படிந்ததுபோல் தெரிந்தால் அது உப்புதான். நம் கடற்கரைப் பக்கத்துத் தண்ணீருக்கு வேறென்ன தெரியும்! சுருளை ஊறவிட்டு, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசியாக அலசுங்கள். அந்தத் தண்ணீரில், சொட்டு தங்காமல் வழியவைக்கும் போட்டோ-ஃப்ளோ கரைசலை அரை லிட்டருக்கு 2.5 மில்லி சேர்த்தால் போதும். கூடினால் அதுவே கறை வைக்கும். பளபளப்புப் பக்கக் கறை பெரும்பாலும் போய்விடும். மருந்து பூசிய மங்கலான பக்கத்தில் சொட்டு காய்ந்த தடம் சில சமயம் போகாது, துடைத்துக் கீறலாக்க வேண்டாம்.

படிவே இல்லாமல், ஓரம் தெளிவாக, கண்ணாடி போன்ற வட்டங்களா? அவை டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும் கரைசல்) ஊற்றியபோது ஒட்டிய காற்றுக் குமிழிகள். இந்தச் சுருளுக்கு வழியில்லை. அடுத்த முறை ஊற்றியதும் ஃபிலிம் இருக்கும் டேங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

அப்புறம் சூடு. மே மாதக் குழாய்த் தண்ணீரில் டெவலப்பரைக் கலந்து, 20 டிகிரிக்கான டெவலப் நேரத்தை வைத்தால் நெகட்டிவ் கறுத்துவிடும். ஐஸை டெவலப்பருக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி வையுங்கள். கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். காயவைப்பது குளியலறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு. மொட்டை மாடிக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வரும்.

முடிந்தால் புள்ளியைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.